‘கேரக்டரே சரியில்ல’ன்னு சொல்றதுக்கு முன்னாடி... மனநோய், செக்ஸ், ரிஸ்க் - டாக்டர்கிட்டகூட நாம பேசாத விஷயங்கள்!

ரெட்டியார்பாளையத்தில் ஒரு பையன் இருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். வயது 24. விழுப்புரம் மெயின் ரோட்டில் ஒரு மொபைல் ஷோரூமில் வேலை. யாரிடமும் அதிர்ந்து பேசாத டைப். திடீரென்று பத்து நாள்களாக ஆளே மாறிவிட்டான். ராத்திரி ரெண்டு மணி நேரம்தான் தூங்குகிறான். ஆனால், காலையில் துளிக்கூட களைப்பில்லை. பேச ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை. இருக்கிற இ.எம்.ஐ போதாதென்று புது பைக் ஒன்றை புக் செய்கிறான். டேட்டிங் ஆப்பில் பழகிய மூன்று பேரை ஒரே வாரத்தில் சந்திக்கிறான். ஆணுறை? ‘எனக்கெல்லாம் எதுவும் வராது ப்ரோ’ என்று சிரிக்கிறான்.

அதே தெருவில் ஒரு பெண். வயது 21. ஆறு மாதமாக எதிலும் பிடிப்பில்லை. காலேஜுக்குப் போவதே பெரிய வேலையாகத் தெரிகிறது. ‘என் மேல நம்பிக்கை இல்லையா? காண்டம் எதுக்கு?’ என்று காதலன் கேட்கிறான். அவளுக்கு அதில் விருப்பமில்லை. ஆனால், ‘முடியாதுன்னு சொன்னா இவனும் விட்டுட்டுப் போயிடுவான். அப்புறம் எனக்குன்னு யார் இருக்கா?’ என்று நினைத்துத் தலையாட்டிவிடுகிறாள்.

ரெண்டு பேருமே கற்பனைதான். ஆனால், விஷயம் வெளியே தெரிந்தால் தெரு என்ன பேசும் என்பதை நீங்கள் கற்பனை செய்யவே வேண்டாம். அவனுக்கு ‘சேர்க்கை சரியில்ல’. அவளுக்கு ‘கேரக்டரே சரியில்ல’. ஒரு மனநல மருத்துவர் இதே ரெண்டு பேரையும் பார்த்தால் வேறு கேள்விகள் கேட்பார். ‘தம்பி, எத்தனை நாளா தூங்கலை?’, ‘ஏம்மா, எதையுமே அனுபவிக்க முடியாம எத்தனை மாசமா இருக்கே?’

இந்த ரெண்டு விதமான பேச்சுக்கும் நடுவில்தான் பலரின் உடம்பும் உயிரும் மாட்டிக்கொண்டிருக்கின்றன. கொஞ்சம் கூச்சத்தை ஓரமாக வைத்துவிட்டு, அதைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறோம்.

முதல்ல ஒரு விஷயம் தெளிவாகட்டும்!

மனநோய் இருக்கிற எல்லோரும் பாலியல் விஷயத்தில் ரிஸ்க் எடுப்பவர்கள் கிடையாது. ரிஸ்க் எடுக்கிற எல்லோருக்கும் மனநோயும் கிடையாது. மனநோய் உள்ளவர்களில் பலர் காதலிக்கிறார்கள், கல்யாணம் செய்துகொள்கிறார்கள், குழந்தை பெற்று வளர்க்கிறார்கள். சிலருக்கு நோயாலோ மாத்திரையாலோ செக்ஸில் ஆர்வமே குறைந்துவிடுகிறது.

ஆனால், சில நோய்கள், சில கட்டங்களில், ‘வேண்டாம், யோசிச்சு செய்’ என்று நமக்குள் ஒலிக்கிற குரலின் வால்யூமைக் குறைத்துவிடும். அது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம்.

பைபோலார்: ஆக்ஸிலரேட்டர் மட்டும் வேலை செய்யும் நாள்கள்

பைபோலார் எனப்படும் இருதுருவ மனநோயில் மனம் மேலே மேலே எகிறும் கட்டத்தை ‘மேனியா’ என்கிறார்கள். தூக்கத்தின் தேவை குறையும், பேச்சு வேகமெடுக்கும், பணம் தண்ணீராகச் செலவாகும், ‘நான்தான் ராஜா’ என்ற எண்ணம் வரும். கூடவே பாலியல் ஆசையும் அளவுக்கு மீறிக் கூடலாம். கவனியுங்கள், இது மேனியாவின் அறிகுறிகளில் ஒன்று. காய்ச்சலில் உடம்பு சுடுவது மாதிரி.

இது நோயா, வெறும் ஜாலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரே ஒரு விஷயத்தை வைத்து முடிவுசெய்யக் கூடாது. ஒருவரின் வழக்கமான சுபாவத்திலிருந்து பெரிய மாற்றம், கூடவே தூக்கக் குறைவு, செலவு, வேகப் பேச்சு என்று எல்லாமே கும்பலாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். இது ஒரு வாரமாவது தொடர்ந்தால் மேனியா, அதைவிட லேசாக நான்கு நாள்களாவது நீடித்தால் ‘ஹைப்போமேனியா’ என்று மருத்துவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். நிலைமை கைமீறிப்போனால் அவர்கள் நாள் கணக்கெல்லாம் பார்ப்பதில்லை.

அந்தக் கட்டம் முடிந்து மனம் தரை இறங்கும்போதுதான் இன்னொரு ஆபத்து. ‘நானா இப்படியெல்லாம் செஞ்சேன்?’ என்ற வெட்கமும் குற்ற உணர்வும் மொத்தமாக வந்து அழுத்தும். அந்த நேரத்தில் வீட்டில் ஆளாளுக்குத் திட்டினால், தற்கொலை எண்ணம்வரைகூடப் போகலாம்.

டிப்ரஷன்: ‘நோ’ சொல்லத் தெம்பில்லாத நாள்கள்

மனச்சோர்வில் பொதுவாக ஆசை குறையும். அப்புறம் எப்படி ரிஸ்க்? இங்கே ரிஸ்க் ஆசையால் வருவதில்லை. ‘எனக்கு என்ன ஆனா என்ன’ என்ற அலட்சியத்தால் வருகிறது. தன்னைப் பற்றித் தாழ்வாக நினைப்பவருக்கு, தன் உடம்பைப் பாதுகாக்க வேண்டும் என்ற எண்ணமே தேய்ந்துபோகும். யாராவது கொஞ்சம் அன்பு காட்டினால், அதைத் தக்கவைக்க எதற்கும் ஒப்புக்கொள்ளத் தோன்றும்.

ஸ்கிசோஃப்ரினியா போன்ற தீவிர மனநோய்களில் கதை வேறு. எதிரே இருப்பவரின் நோக்கம் என்ன என்று புரிந்துகொள்வதும், ‘காண்டம் போட்டால்தான்’ என்று பேசி நிற்பதும் சிரமமாகலாம். அதைப் பயன்படுத்திக்கொள்ள ஆள்கள் இருக்கிறார்கள்.

இதோடு குடியும் சேர்ந்தால்? வார இறுதியில் நம்ம புதுச்சேரி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மனது சரியில்லை என்று குடிக்கப்போய், குடித்ததால் நிதானம் போய், நிதானம் போனதால் பாதுகாப்பும் போய்... இந்தச் சங்கிலியில் முதல் கண்ணி மனதுதான்.

எண்கள் என்ன சொல்கின்றன?

அமெரிக்காவில் நான்கு மாநிலங்களைச் சேர்ந்த, தீவிர மனநோய் உள்ள 931 பேரைப் பரிசோதித்த ஆய்வு ஒன்று 2001-ல் வெளியானது. அவர்களில் 3.1 சதவிகிதம் பேருக்கு ஹெச்.ஐ.வி இருந்தது. அந்த நாட்டுப் பொது மக்களோடு ஒப்பிட்டால் சுமார் எட்டு மடங்கு. ஹெபடைட்டிஸ் சி சுமார் 11 மடங்கு, ஹெபடைட்டிஸ் பி சுமார் ஐந்து மடங்கு. ஊசி வழி போதைப்பழக்கமும் இதற்கு ஒரு காரணம் என்பதால், அந்த எண்ணை அப்படியே நம் ஊருக்குப் பொருத்திவிட முடியாது.

நம் பக்கத்துக்கு நெருக்கமான ஆய்வு, பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் நடந்தது. மனநல மருத்துவர் பிரபா சந்திராவும், அமெரிக்க உளவியலாளர் மைக்கேல் கேரியும், அவர்கள் குழுவினரும் உள்நோயாளிகளாகச் சேர்ந்த 146 பெண்களிடம் பேசினார்கள். 2003-ல் வெளியான அந்த முடிவு, இந்த விஷயத்தை நாம் பார்க்கும் கோணத்தையே திருப்பிப்போடுகிறது.

146 பேரில் 50 பேர், அதாவது 34 சதவிகிதம் பேர், பாலியல் வற்புறுத்தலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். செய்தது யார்? முதலிடத்தில் கணவர் அல்லது துணைவர். அடுத்த இடத்தில், ஊரில் அதிகாரமோ செல்வாக்கோ உள்ள நபர். முன்பின் தெரியாத முரடன்தான் இதையெல்லாம் செய்வான் என்று நினைக்கிறோமே, அவன் இந்த முதல் ரெண்டு இடங்களில் இல்லை. அந்த 50 பேரில் 30 பேர் அதுவரை யாரிடமும் மூச்சுவிட்டதில்லை, உதவி கேட்டதுமில்லை. வற்புறுத்தலுக்கு ஆளானவர்களிடம்தான் ஹெச்.ஐ.வி ஆபத்துள்ள பாலுறவும் அதிகமாக இருந்தது.

புரிகிறதா? ‘மனநோய் உள்ளவர்கள் ரிஸ்க் எடுக்கிறார்கள்’ என்று நாம் சொல்வதில் பாதி, உண்மையில் அவர்கள் மேல் சுமத்தப்பட்ட ரிஸ்க். அவர்களாக எடுத்தது இல்லை. யாராவது உட்கார வைத்து, பொறுமையாக, தீர்ப்பு சொல்லாமல் கேட்டிருந்தால் அந்த 30 பேர் முன்னாடியே பேசியிருக்கலாம்.

‘கால்கட்டு போட்டா சரியாயிடும்!’

நம் வீடுகளில் மனநோய்க்கு எழுதப்படும் பழைய பிரிஸ்கிரிப்ஷன் இது. பையன் ஒருமாதிரி இருக்கான், பொண்ணு ஒருமாதிரி இருக்கா... உடனே ஜாதகத்தை எடு!

கல்யாணம் எந்த மனநோய்க்கும் மருந்து இல்லை. புது வீடு, புது மனிதர்கள், தூக்கம் கெடுதல், ‘தெரிஞ்சுடுமோ’ என்ற பயத்தில் மாத்திரையை ஒளித்து வைப்பது, அப்புறம் நிறுத்தியே விடுவது... இதெல்லாம் நோயைத் திரும்ப அழைத்து வரும் வழிகள். நிம்ஹான்ஸ் ஆய்வில் வற்புறுத்தியவர்கள் பட்டியலில் கணவர் முதலிடத்தில் இருந்ததையும் இங்கே சேர்த்து யோசியுங்கள்.

நோயை மறைத்துச் செய்யும் கல்யாணம் பின்னால் கோர்ட் வரை போகலாம். அதேநேரம், நோய் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை வெட்டிவிடவும் முடியாது. ஸ்கிசோஃப்ரினியா இருக்கிறது என்பது மட்டுமே விவாகரத்துக்குப் போதாது என்று 2013-ல் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கணவரே பாலியல் ரீதியாகத் துன்புறுத்தினால், 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது.

கல்யாணம் வேண்டாம் என்று சொல்லவில்லை பாஸ். சொல்லிவிட்டு, சிகிச்சையைத் தொடர்ந்துகொண்டே, விருப்பப்பட்டவர் செய்துகொள்ளட்டும் என்கிறோம்.

மாத்திரையும் மஞ்சமும்

இனி, ஓ.பி-யில் சீட்டு வாங்கி ரெண்டு மணி நேரம் காத்திருந்து உள்ளே போன பிறகும் நாம் வாய் திறக்காத விஷயம்.

எஸ்சிட்டாலோப்ராம், செர்ட்ராலின், ஃப்ளூயோக்ஸிடின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகள் சிலருக்கு ஆசையைக் குறைக்கும், உச்சத்தைத் தாமதப்படுத்தும். ரிஸ்பெரிடோன், அமிசல்பிரைடு போன்றவை உடம்பில் ‘புரோலாக்டின்’ என்ற ஹார்மோனைக் கூட்டிவிடும். அதனால் பெண்களுக்கு பீரியட்ஸ் நிற்கலாம், மார்பில் பால் கசியலாம். ஆண்களுக்கு விறைப்புப் பிரச்னை வரலாம்.

இதற்கெல்லாம் வழி இருக்கிறது. டோஸைக் குறைக்கலாம், வேறு மாத்திரைக்கு மாற்றலாம், கூடவே வேறொன்று கொடுக்கலாம். ஆனால், சொன்னால்தானே தெரியும்! சொல்லக் கூச்சப்பட்டு ஒருவர் என்ன செய்கிறார்? மாத்திரையைத் தானாக நிறுத்திவிடுகிறார். அல்லது, ‘ஆண்மைக் குறைவா? கவலை வேண்டாம்’ என்று போஸ்டர் ஒட்டி, லாட்ஜில் ரூம் போட்டு முகாம் நடத்துகிறவரிடம் போய் ஆயிரக்கணக்கில் கொடுத்து லேகியம் வாங்குகிறார். சில வாரங்களில் நோய் திரும்ப வருகிறது. அதோடு, பழைய ரிஸ்க்கும் வருகிறது. ஒரு நிமிடக் கூச்சத்துக்கு இவ்வளவு பெரிய விலை.

பெண்கள் குறிப்பாகத் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று:

* பீரியட்ஸ் வரவில்லை என்பதால் கர்ப்பம் ஆகாது என்று அர்த்தம் இல்லை. குறிப்பாக, மாத்திரையை மாற்றும்போது கருத்தரிக்கும் வாய்ப்பு சத்தமில்லாமல் திரும்பிவிடும்.

* பைபோலாருக்கும் வலிப்புக்கும் தரப்படும் சோடியம் வால்ப்ரோயேட், கருவில் இருக்கும் குழந்தைக்குப் பெரிய ஆபத்து. அதைச் சாப்பிடும்போது கருவுற்றால், சுமார் 10-ல் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு வரலாம். 10-ல் மூன்று, நான்கு குழந்தைகளுக்கு வளர்ச்சிப் பிரச்னைகள் வரலாம். இந்த மாத்திரையில் இருக்கிறீர்கள் என்றால், குழந்தைத் திட்டம் இருக்கிறதோ இல்லையோ, அடுத்த விசிட்டிலேயே கேட்டுவிடுங்கள். நீங்களாக நிறுத்துவது மட்டும் கூடவே கூடாது.

* கார்பமஸிபைன் என்ற மாத்திரை, கருத்தடை மாத்திரையின் பலத்தைக் குறைத்துவிடும். உறவுக்குப் பிறகு போடும் எமர்ஜென்சி மாத்திரைக்கும் இது பொருந்தும். நீங்கள் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று மகப்பேறு மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

புள்ளிராஜா ஞாபகம் இருக்கா?

உங்களுக்கு இருக்காது. அப்பா அம்மாவைக் கேளுங்கள். 2000-களின் தொடக்கத்தில் சுவரெல்லாம், பேருந்தெல்லாம் ஒரே கேள்விதான்: ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ டீக்கடையில்கூட அதைப் பற்றியே பேச்சு. இந்தியாவில் முதன்முதலில் ஹெச்.ஐ.வி தொற்று கண்டறியப்பட்டதும் நம் பக்கம்தான். 1986-ல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவரிடம் ஆய்வு மாணவியாக இருந்த நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகளில்தான் அது தெரியவந்தது.

அதற்குப் பிறகு வந்த இத்தனை ஆண்டுகளில் நாம் ஒன்றைக் கற்றுக்கொண்டோம். திட்டுவதால் தொற்று குறையாது. இலவச பரிசோதனை, ரகசியம் காக்கும் ஆலோசகர், கேட்டால் கிடைக்கும் ஆணுறை, தொடர்ந்து மருந்து. இவைதான் குறைக்கும். இன்று சரியாக மருந்து எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்ட ஒருவரிடமிருந்து, உடலுறவு மூலம் ஹெச்.ஐ.வி பரவுவதே இல்லை.

ஆனால், அந்தப் பிரசாரத்தில் ஒரு கேள்வி விடுபட்டது. புள்ளிராஜா எத்தனை நாளாகத் தூங்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை. மனநல ஓ.பி-யில் தூக்கத்தைக் கேட்கிறார்கள், செக்ஸைப் பற்றிக் கேட்பது குறைவு. பால்வினை நோய்ப் பிரிவில் செக்ஸைக் கேட்கிறார்கள், மனதைப் பற்றிக் கேட்பது குறைவு. ரெண்டு அறைக்கும் நடுவில் இருக்கும் கதவை, இப்போதைக்கு நீங்கள்தான் திறக்க வேண்டியிருக்கிறது.

நடந்துடுச்சு... இப்போ என்ன பண்றது?

பயந்துபோய் கூகுளில் தேடி ராத்திரி முழுக்க முழித்திருப்பதைவிட இது முக்கியம். கடிகாரத்தைப் பாருங்கள்.

* 72 மணி நேரம்: ஹெச்.ஐ.வி தொற்றைத் தடுக்கும் ‘பெப்’ மருந்தை இதற்குள் ஆரம்பிக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 28 நாள்கள் விடாமல் சாப்பிட வேண்டும். எமர்ஜென்சி கருத்தடை மாத்திரைக்கும் 72 மணி நேரம்தான் கணக்கு. அதிலும் சீக்கிரமே நல்லது.

* பரிசோதனை: அடுத்த நாளே எடுத்த டெஸ்ட்டில் ‘நெகட்டிவ்’ வந்தால் அது முடிவான பதில் இல்லை. மூன்று மாதம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். ஹெச்.ஐ.வி-யோடு சிஃபிலிஸ், ஹெபடைட்டிஸ் பி, சி பரிசோதனைகளையும் கேளுங்கள். ஹெபடைட்டிஸ் பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது.

* பலாத்காரம் என்றால்: குளிப்பதற்கு முன்பே மருத்துவமனைக்குப் போவது நல்லது. குளித்துவிட்டால்கூடப் பரவாயில்லை, போங்கள். அரசு, தனியார் எந்த மருத்துவமனையாக இருந்தாலும் உடனடியாக, இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும் என்பது சட்டம்.

* போட்டோ, வீடியோ மிரட்டல் என்றால்: மேனியா நேரத்தில் ராத்திரி ரெண்டு மணிக்கு அனுப்பிய படம், பிறகு மிரட்டலாகத் திரும்பி வருவது உண்டு. பணம் கொடுக்காதீர்கள், சாட்டை அழிக்காதீர்கள். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, தேசிய சைபர் கிரைம் போர்ட்டலில் புகார் செய்யுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930-ஐக் கூப்பிடுங்கள்.

எங்கே போவது? ரெட்டியார்பாளையத்திலிருந்து கோரிமேடு ஜிப்மரும், கதிர்காமம் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரியும் வண்டியில் போய்விடும் தூரம்தான். ஒரே வளாகத்தில் மனநலப் பிரிவும் இருக்கும், தோல் மற்றும் பால்வினை நோய்ப் பிரிவும் இருக்கும். தமிழ்நாட்டில் இருப்பவர்கள், அரசு மருத்துவமனைகளில் ‘நம்பிக்கை மையம்’ என்ற போர்டைத் தேடுங்கள். அங்கே ஹெச்.ஐ.வி பரிசோதனை இலவசம்.

நேரில் போகத் தயக்கமா? மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416. ஹெச்.ஐ.வி தொடர்பான சந்தேகங்களுக்கு 1097. பெண்களுக்கான உதவிக்கு 181. உடனடி ஆபத்து என்றால் 112.

‘வீட்டுக்குத் தெரிஞ்சுட்டா?’

டாக்டரிடம் போவதைத் தடுக்கும் முதல் பயம் இதுதான். 2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, உங்கள் மனநோய் பற்றிய தகவல்களை ரகசியமாக வைத்திருக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. உயிருக்கு ஆபத்து போன்ற சில சூழல்கள் மட்டுமே விதிவிலக்கு. அதே 2017-ல் வந்த ஹெச்.ஐ.வி சட்டப்படி, உங்கள் சம்மதம் இல்லாமல் பரிசோதனை செய்யக் கூடாது, முடிவை வெளியே சொல்லவும் கூடாது. 18 வயதுக்குக் கீழே என்றால் கதை வேறு. அங்கே பெற்றோர் சம்மதமும் போக்சோ சட்டமும் வரும்.

இன்னும் ரெண்டு உரிமைகள். மனநோய்க்குச் ‘சிகிச்சை’ என்ற பெயரில் ஆணுக்கோ பெண்ணுக்கோ கருத்தடை அறுவை சிகிச்சை செய்வதை மனநலச் சட்டம் தடை செய்கிறது. மனநலப் பாதிப்பாலோ போதையாலோ, நடப்பது என்னவென்றே புரிந்துகொள்ள முடியாத நிலையில் ஒரு பெண் ‘சரி’ என்று சொல்லியிருந்தால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-வது பிரிவு அதைச் சம்மதமாக ஏற்பதில்லை. ‘அவளே ஓகேன்னுதான் சொன்னா’ என்ற பேச்சு அங்கே செல்லாது.

நல்லா இருக்கும்போதே ஒரு பிளான்

புயல் வரும் என்று தெரிந்தால் முன்கூட்டியே படகைக் கரையேற்றி வைப்பார்கள் இல்லையா? அந்த மாதிரி, மனது தெளிவாக இருக்கும் நாள்களில் இதைச் செய்து வையுங்கள்.

* உங்கள் அலாரம் எது என்று எழுதி வையுங்கள். பலருக்கு அது தூக்கம்தான். ‘ரெண்டு நாள் தொடர்ந்து நாலு மணி நேரத்துக்குக் குறைவாத் தூங்கினா டாக்டருக்கு போன்’ என்பது மாதிரி ஒரு விதி.

* நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி வையுங்கள். ‘நான் ஓவரா எகிற ஆரம்பிச்சா, டேட்டிங் ஆப்பை என் போன்ல இருந்து எடுத்துடு. கார்டையும் வாங்கி வெச்சுக்கோ. நான் கோவப்படுவேன். பரவாயில்லை.’

* ஆணுறையை எப்போதும் பையில் வைத்திருங்கள். இது ரிஸ்க் எடுக்கத் தரும் அனுமதி இல்லை. ஹெல்மெட் வாங்கினவர் விபத்துக்கு ஆசைப்படுகிறார் என்றா சொல்வோம்?

* 18 வயதைத் தாண்டியிருந்தால், நோய் தீவிரமாகும்போது எப்படிச் சிகிச்சை வேண்டும், எப்படி வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கவும், உங்கள் சார்பில் பேச ஒருவரை நியமிக்கவும் மனநலச் சட்டம் வழி செய்கிறது.

நீங்க ஃப்ரெண்டா? அண்ணனா? அம்மாவா?

அப்படியென்றால் உங்கள் வேலை விசாரணை கிடையாது. ‘யார்கூட, எத்தனை பேர்கூட?’ என்ற கேள்விகளை டாக்டருக்கு விட்டுவிடுங்கள். ‘நீ சரியாத் தூங்கறியா? மாத்திரை சாப்பிடறியா? யாராவது உன்னைக் கட்டாயப்படுத்தறாங்களா? வா, நானும் கூட வர்றேன்.’ இவ்வளவு கேட்டால் போதும். பதில் உடனே வராது. மறுபடி கேளுங்கள், சத்தம் போடாமல்.

நோய் ஒருவரின் செயலுக்கு விளக்கம் தரும். அதற்காக, மற்றவருக்கு ஏற்பட்ட பாதிப்பு இல்லை என்று ஆகிவிடாது. தனக்குத் தொற்று இருக்கிறது என்று தெரிந்தால் துணையிடம் சொல்வதும், இருவரும் பரிசோதித்துக்கொள்வதும், மருந்தைத் தொடர்வதும் குணமாகிவரும் ஒருவரின் பொறுப்பு. அவமானப்படுத்தப்பட்டவர் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ள மாட்டார், ஒளிந்துகொள்வார். மரியாதையாக நடத்தப்பட்டவர் எடுத்துக்கொள்வார்.

கடைசியாக, சிகிச்சையில் இருக்கும் உங்களுக்கு ஒரு ஈஸி டிப்ஸ். அடுத்த முறை டாக்டர் ‘எப்படி இருக்கீங்க, நல்லா தூங்கறீங்களா?’ என்று கேட்டு, சீட்டில் மாத்திரையை எழுத ஆரம்பிப்பார். அவர் எழுதி முடிப்பதற்குள் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிடுங்கள்: ‘டாக்டர், செக்ஸ் சம்பந்தமா ஒண்ணு கேக்கணும்.’

கூச்சமாக இருந்தால் போனில் டைப் செய்து காட்டுங்கள். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். மீதியை அவர் கேட்பார்.